ஜீவராணியின் கொழுப்பு

மிட்வைப் மிஸ் வாசலில் வந்து நின்றபோது ஜீவராணி அப்போதுதான் தேயிலை மலையிலிருந்து இறங்கி வந்து, இடுப்பில் கட்டியிருந்த ஈரப் படங்குச் சாக்கை அவிழ்த்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தன மாசம்?" என்றார் மிஸ், எடுத்த எடுப்பில்.

"எது மிஸ்?"

"வயித்தப் பாத்தா ஆறு ஏழு மாசம் இருக்கும் போல. இன்னும் பதியவே இல்ல. கிளினிக்குப் பக்கமே காணோம். இந்த வயசுல உண்டானா எவ்வளவு கவனமா இருக்கணும், தெரியாதா?"

ஜீவராணிக்கு நாற்பதை எட்ட இன்னும் கொஞ்சம் இருந்தது. ஒரே மகள் பிரியந்தினி உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். மாதவிலக்கு நின்று போய்ப் பல மாதமாகிறதுதான். ஆனால் அதற்காகப் பார்மசியில் கர்ப்பம் பார்க்கும் பட்டை வாங்கி இரண்டு தடவை பார்த்தாயிற்று. வயிற்றில் பிள்ளை இல்லை. இல்லை என்று சொல்லியும் மிஸ் நம்பவில்லை. மறுபடியும் ஒரு பட்டையைக் கொடுத்து, கக்கூசுக்கு அனுப்பி, வாசலிலேயே காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

"அப்ப இது வெறும் தொப்பதான்" என்றார், ஏமாந்தவர் போல. "சாப்பாட்டக் கொறைங்க."

லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராக் கதவு லேசாகத் திறந்திருந்தது. மிஸ்ஸுக்குத் தகவல் சொன்னது யார் என்று ஜீவராணி கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"வேலாயி அக்கா, நல்லாருப்பீங்க" என்று கத்தினாள். "அடுத்த தடவ எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயி சொல்லுங்க."

"நல்லதுக்குச் சொன்னா இப்புடிப் பாயுறியே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒடம்புலயும் கொழுப்பு, வாயிலயும் கொழுப்பு."

இந்த ஒரு சொல்லைத்தான் ஜீவராணியால் தாங்க முடிவதில்லை. இரண்டு வருடமாக யாரைப் பார்த்தாலும் இதையே சொன்னார்கள். டவுன் கிளினிக்கில் சொன்னால் இரத்தத்தில் இருப்பது. லயத்தில் சொன்னால் குணத்தில் இருப்பது. எதுவானாலும் அவள் தேடி வைத்துக்கொண்டது என்றுதான் எல்லோருக்கும் எண்ணம்.

முன்பு அவள் இப்படி இருந்ததில்லை. தோட்டத்து மேற்பிரிவில் அவளைப் போலத் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள் கம்மி. ஒடிசலான உடம்பு. செங்குத்தான மலையில் மற்றவர்கள் பாதி நிரை முடிப்பதற்குள் மேலே போய் நின்று, "என்னாங்கடி, இன்னும் அங்கயா?" என்று கேலி பண்ணுகிறவள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறினாள். முதலில் முகம் உருண்டது. கன்னம் எப்போதும் வெயிலில் நின்றது போலச் சிவந்து கிடந்தது. பிறகு வயிறு. பிறகு பிடரிக்குக் கீழே ஒரு திரட்சி, சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஆனால் கையும் காலும் மட்டும் நாளுக்கு நாள் மெலிந்தன. வளையல் முழங்கைவரை ஏறியது.

பார்க்கிறவர்கள் முகத்தை மட்டும்தான் பார்த்தார்கள். "செழிப்பா இருக்க ராணி, வீட்டுக்காரர் நல்லாத்தான் கவனிக்கிறாரு" என்றார்கள். கைகால் மெலிந்ததை ஒருவரும் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் விஜிதரன் ஆட்டோ ஓட்டுகிறவர். நல்ல மனிதர். அந்த நல்ல மனசுதான் அவளைப் படாத பாடு படுத்தியது. டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்கில் கொலஸ்ட்ரோல் அதிகம், பிரஷர் இருக்கிறது, சீனி வருத்தமும் தொடங்குகிறது என்று சொன்ன நாளிலிருந்து அவர் போனும் கையுமாகத் திரிந்தார். சவாரி இல்லாத நேரமெல்லாம் வயிற்றுக் கொழுப்பைக் கரைக்கும் வழி சொல்லும் வீடியோக்கள். ஒரு வாரம் வெறும் வயிற்றில் பூண்டு. அடுத்த வாரம் தேசிக்காயும் தேனும். அதற்கடுத்து ஏதோ விதையை ஊற வைத்துக் குடிக்க வேண்டும் என்றார். அது தவளை முட்டை மாதிரி தொண்டையில் வழுக்கிக்கொண்டு போனது.

அதோடு நின்றாரா? விடியும் முன்னே எழுப்பி, கோயில் பக்கத்து மைதானத்தைச் சுற்றி நடக்கச் சொன்னார்.

"நடந்தாத்தான் கரையும் புள்ள."

"என்னாங்க, நான் நாள் முழுக்க மலையேறி இறங்குறேன். நீங்கதான் ஆட்டோல குந்திக்கிட்டே இருக்கீங்க. நீங்க நடங்க."

"அது வேலைங்கிறது. இது எக்சசைஸ்."

நடந்தாள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு முன்னால் மைதானத்தைச் சுற்றினாள், பெரட்டுக்குப் பின்னால் மலையேறினாள். சம்பலில் தேங்காயைக் குறைத்தாள், பிறகு தேங்காயே இல்லாமல் வெங்காயத்தையும் மிளகாயையும் இடித்துத் தின்றாள். ரொட்டி இரண்டு ஒன்றாயிற்று. முட்டை போயிற்று, பொரியல் போயிற்று, பிளேன்டீக்குக் கடித்துக்கொள்ளும் சீனியும் போயிற்று. கிளினிக்கில் கொடுத்த கொலஸ்ட்ரோல் மாத்திரையை ஒருநாள் விடாமல் விழுங்கினாள். அடுத்த தடவை இரத்தம் சோதித்தபோது கொழுப்பு முன்னைவிடக் கூடியிருந்தது.

"நீங்க சொல்றதக் கேக்கிறதில்ல" என்றார் அங்கிருந்த டொக்டர், நிமிர்ந்து பார்க்காமலே. "தோட்டத்துல எல்லாரும் இப்படித்தான். மா, எண்ணெய், தேங்காய்."

"நான் தேங்காய் தொட்டே நாளாச்சு சேர்."

"தொடாம எப்படி இது ஏறும்?"

அவளுக்கும் அதேதானே சந்தேகம். வெளியே நீண்ட வரிசை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் விஜிதரன் ரிப்போட்டைப் பார்த்துவிட்டு, மெல்ல, மிக மெல்ல, "மலையில யாராச்சும் வடை கிடை குடுத்தா சாப்புடுறியா?" என்று கேட்டார். அன்றைக்கு ஜீவராணி வீசிய பிளேன்டீ தகரக் கோப்பை சுவரில் பட்டு நெளிந்தது. பிறகு உட்கார்ந்து அழுதாள். அழுகையும் கோபமும் அப்போதெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தன. தூக்கம் மட்டும் வரவில்லை.

மலையிலும் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. தொடையில் பலமில்லை. குந்தினால் எழ முடியாது, தேயிலைச் செடியைப் பிடித்துத் தொங்கி எழ வேண்டும். பஸ் படியில் ஏற யாராவது கை கொடுக்க வேண்டும். லேசாக இடித்தாலும் தோல் கன்றிக் கறுத்தது. வீரய்யா கங்காணி பல நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு பாதிச் சம்பளத்துக்கு அரைப் பேர் போடத் தொடங்கினார்.

"என்னாண்ணே இது? நான் சும்மாவா நின்னேன்?"

"கொழுந்து பத்தலையே தங்கச்சி. கொஞ்சம் வாயக் கட்டினா ஒடம்பு லேசாகும், மலையும் ஏறலாம்."

வாயைக் கட்டு. அவள் பார்த்த ஒவ்வொரு மனிதரிடமும் இந்த ஒரே மருந்து கைவசம் இருந்தது.

தேர்தல் நாளன்று நடந்ததுதான் எல்லாவற்றிலும் உச்சம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட வரிசையில் நின்றாள். முறை வந்ததும் அடையாள அட்டையை நீட்டினாள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"மே ஒயா நெமெயி" என்றார். இது நீ இல்லை.

"நான்தான் சேர்" என்றாள் சிங்களத்தில். "கொஞ்சம் குண்டாயிட்டேன்."

அவர் தலையசைத்தார். குண்டாவது வேறு, ஆளே மாறுவது வேறு என்று அவர் முகம் சொன்னது. பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. கட்சி ஏஜண்டாக உட்கார்ந்திருந்த சின்னராசா எழுந்து, "இவங்க எங்க தோட்டத்து ஆள்தான், நான் சின்ன வயசுலருந்து பாக்குறேன்" என்று சாட்சி சொன்ன பிறகுதான் விட்டார்கள். விரலில் மை வைத்துக்கொண்டு வெளியே வந்தவளுக்கு, யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பதே மறந்துவிட்டது. மனத்தில் அந்த ஒரு வாக்கியம்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள், நிறுவைக்குக் கொழுந்துப் பையைத் தூக்கினாள். விலாவில் சுள்ளி முறிந்தது போல ஒரு சத்தம். அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். மூச்சு விட முடியவில்லை. விஜிதரன் ஆட்டோவில் ஏற்றி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் "மெதுவா, மெதுவா" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

வார்ட்டில் புதிதாக மாற்றலாகி வந்த பெண் டொக்டர் ஒருவர் இருந்தார். சிங்களப் பெண்மணி. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எங்கே விழுந்தீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"விழல மிஸ். பையத் தூக்கினேன்."

"தூக்கியதற்கா விலா எலும்பு முறிந்தது?" பழைய கிளினிக் கொப்பியைப் புரட்டினார். "கொலஸ்ட்ரோல் மாத்திரை எடுத்தும் இவ்வளவு இருக்கிறதே. என்ன சாப்பிடுகிறீர்கள்?"

அவ்வளவுதான். இரண்டு வருடமாக அடைத்து வைத்திருந்தது உடைந்து கொட்டிற்று. விலா வலிக்க வலிக்க, பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் ஜீவராணி கத்தினாள். "என்னா சாப்புடுறேனா? ஒரு ரொட்டி! வெங்காயம்! தவள முட்ட! விடிய முன்ன மைதானத்தச் சுத்துறேன், விடிஞ்சா மலையச் சுத்துறேன். நான் புள்ளத்தாச்சியில்லன்னு ஊருக்கே காட்ட வேண்டியிருக்கு. ஓட்டுப் போடப் போன எடத்துல என் ஐடென்டியப் பாத்து நான் நானே இல்லங்கிறாங்க. இன்னும் என்னா மிஸ் கொறைக்கணும்? மூச்சு விடுறதக் கொறைக்கவா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். விஜிதரன் தரையைப் பார்த்தார். தமிழ்ப் பகுதியைச் சிங்களத்தில் சொல்ல வந்த தாதி ஷாமிலா, தவளை முட்டையை எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் திணறினாள்.

டொக்டர் கோபப்படவில்லை. "அந்த அடையாள அட்டையைக் காட்டுங்கள்" என்றார்.

வாங்கிப் பார்த்தார். ஒடுங்கிய கன்னமும் நீண்ட கழுத்துமாக ஒரு பெண். பிறகு எதிரில் இருந்த முகத்தை வெகு நேரம் பார்த்தார். கையைப் பிடித்து மெலிவைப் பார்த்தார், பிடரித் திரட்சியைத் தொட்டார், திரையை இழுத்துவிட்டு வயிற்றைப் பார்த்தார். தோல் வெடித்தது போல ஊதாநிறத்தில் அகலமான கோடுகள். கடைசியில், "நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள்" என்றார். ஜீவராணியால் முடியவில்லை.

"இது சாப்பாட்டால் வந்த உடம்பு இல்லை" என்றார் டொக்டர்.

ஜீவராணிக்குச் சிங்களத்திலேயே விளங்கியதுதான். இருந்தாலும் ஷாமிலா பக்கம் திரும்பி, "என்னா சொன்னாங்க, தமிழ்ல சொல்லுங்க தங்கச்சி" என்றாள்.

"சாப்பாட்டால வந்ததில்லையாம் அக்கா."

"இன்னொரு தடவ சொல்லுங்க. இவருக்குக் கேக்கிற மாதிரி."

விஜிதரனுக்குக் கேட்டது.

ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. ஒரு நாள் பூராவும் பெய்யும் மூத்திரத்தை ஒரு சொட்டு விடாமல் பெரிய கேனில் பிடித்து வர வேண்டும் என்றார்கள். லயத்தின் கோடியில் இருக்கும் கக்கூசுக்குக் கேனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தவளைப் பார்த்து, "என்னா ராணி, மண்ணெண்ணெயா?" என்று வேலாயி கேட்டாள். "ஆமா, உங்க வீட்டக் கொளுத்த" என்று பதில் சொல்லிவிட்டுப் போனாள். பிறகு ஒரு சோதனைக்கு, படுக்கும்போது மாத்திரை விழுங்கிவிட்டு, மறுநாள் காலையிலேயே போய் இரத்தம் கொடுத்தாள். அந்த மாத்திரை போட்டால் மற்றவர்களுக்கு உடம்பில் கோர்ட்டிசோல் என்ற சுரப்பு அடங்கிவிடுமாம். அவளுக்கு அடங்கவில்லை. கண்டிக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பியில், நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி.

கட்டி என்றதும் விஜிதரனுக்கு முகம் வெளுத்துவிட்டது. புற்றுநோய் மாதிரி தெரியவில்லை, ஆனாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார் டொக்டர். பிறகு பொறுமையாக விளக்கினார். ஷாமிலா தமிழில் சொன்னாள்.

"எல்லார் ஒடம்புலயும் அந்தச் சுரப்பு இருக்குமாம் அக்கா. ஆபத்து அவசரம்னா கூடுமாம், அப்புறம் கொறையுமாம். உங்களுக்கு அந்தக் கட்டியே சுரந்துகிட்டு இருக்கு, நிறுத்தச் சொன்னாலும் கேக்காது. அதனால கை கால் சதையக் கரைக்குது, எலும்ப அரிக்குது. கொழுப்பக் கொண்டு போயி மொகத்துலயும் பிடரியிலயும் வயித்துலயும் சேக்குது. ஈரல் வேற ஓயாமக் கொழுப்பச் செஞ்சு இரத்தத்துல விடுது. நீங்க தேங்காயக் கொறச்சாலும் அது கொறைக்காது. சீனி, பிரஷர் ஏறினதும் அதனாலதான்."

"அப்ப மாத்திரை?"

"மாத்திரை ஒரு பக்கம் எறைக்க, கட்டி இன்னொரு பக்கம் ஊத்திக்கிட்டு இருந்திருக்கு."

டொக்டர் இன்னொன்றும் சொன்னார். தூக்கம் வராததும், சட்டென்று கோபம் வருவதும், அழுகையும் இதே சுரப்பின் வேலையாக இருக்கலாம். விஜிதரனுக்கு இதைக் கேட்டதும் நிம்மதி. "அதுதான் பாரு புள்ள, உன் கோவத்துக்கும் அந்தக் கட்டிதான் காரணம்" என்றார் பரிவோடு.

ஜீவராணி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"கொஞ்சம் கட்டியோடதா இருக்கட்டும்" என்றாள். "வடை தின்னியான்னு கேட்டதுக்கு வந்த கோவம் என்னோடது. அத யாருக்கும் குடுக்க மாட்டேன்."

கண்டியில் ஆப்பரேஷன் நடந்தது. சிறு துளைகள் போட்டு எடுத்தார்கள். எடுத்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்திருந்தாள். அதிலும் ஏமாற்றம். அந்தக் கட்டி இத்தனை காலம் அளவுக்கு மீறிச் சுரந்ததால், வலது பக்கச் சுரப்பி வேலையே இல்லாமல் உறங்கிப் போயிருந்ததாம். அது விழிக்கும்வரை அதே சுரப்பை மாத்திரையாகப் போட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று அழுத்திச் சொல்லி அனுப்பினார்கள். எந்தச் சனியன் உடம்பைக் கெடுத்ததோ அதையே கைநிறைய விழுங்குவதா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. மாதக்கணக்கில் மூட்டுமூட்டாக வலி. படியில் நாலு எட்டு வைத்தால் உட்கார வேண்டும். பிரியந்தினி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவின் காலைப் பிடித்துவிட்டபடியே பாடம் படித்தாள்.

விஜிதரனின் போனில் இப்போது வேறு வீடியோக்கள். ஆப்பரேஷன் செய்தவர்கள் என்ன சாப்பிட வேண்டும். நாட்டுக்கோழி சூப்பு, முருங்கைக்கீரைச் சாறு, எலும்புக்கு எள்ளுருண்டை. "தின்னு புள்ள, தின்னு" என்று தட்டை நீட்டிக்கொண்டே நின்றார். குறை என்று சொன்ன அதே வாய். ஆனால் திட்ட மனம் வரவில்லை. எள்ளுருண்டை நன்றாக இருந்தது.

மெல்ல மெல்ல முகம் வடிந்தது. பிடரித் திரட்சி கரைந்தது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினார்கள். ஒரு நாள் டொக்டர் இரத்தப் பரிசோதனையைக் காட்டி, கெட்ட கொழுப்பு வெகுவாக இறங்கிவிட்டது என்றார். முழுக்கச் சரியாகவில்லை, கொலஸ்ட்ரோல் மாத்திரையை இன்னும் கொஞ்ச காலம் தொடர வேண்டும், ஆனால் பாதி அளவு போதும். அன்றைக்குத் தேங்காய் போட்ட சம்பல் சாப்பிட்டாள். கோடு போட்ட வயிறு மட்டும் வெளுத்த தழும்புகளோடு அப்படியே இருந்தது.

மலைக்கு உடனே போக முடியாது, எலும்பு தேற வேண்டும் என்று கடிதம் கொடுத்ததால் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் வேலைக்குப் போனாள். மெலிந்து போனவளைப் பார்த்து இப்போது ஊர் வேறு பாட்டுப் பாடியது. "என்னா ராணி, இப்புடி எளச்சிட்ட? முன்ன எவ்வளவு அம்சமா இருந்த! ஏதாச்சும் பெரிய வருத்தமா?"

"ஆமா" என்றாள் ஜீவராணி. "உங்கள எல்லாம் பாக்குற வருத்தம்."

அவளுக்கு ஒரு புதுக் கிறுக்குப் பிடித்தது. யாராவது குண்டாக இருந்தால், "வாயக் கட்டுன்னு எவனாச்சும் சொன்னா கேக்காத, மொதல்ல கட்டி இருக்கான்னு பாக்கணும்" என்று தொடங்கிவிடுவாள். வேலாயியின் மருமகள் தனலெட்சுமிக்கு உருண்ட முகம், பருத்த உடம்பு, கிளினிக்கில் கொலஸ்ட்ரோலும் சொல்லியிருந்தார்கள். ஜீவராணி அவளை விடவில்லை. நச்சரித்து, விஜிதரனின் ஆட்டோவில் ஏற்றி, அதே டொக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தினாள்.

டொக்டர் பொறுமையாகப் பார்த்தார். வயிற்றில் ஊதாக் கோடு இல்லை. கைகால் வலுவாக இருந்தன. நாற்காலியிலிருந்து தனலெட்சுமி கை ஊன்றாமல் துள்ளி எழுந்தாள். ஆனாலும் ஜீவராணியின் முகத்துக்காக அந்த மாத்திரைச் சோதனையையும் செய்யச் சொன்னார். முடிவு வந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

"குண்டாக இருக்கிறவர்களில் மிக மிகச் சிலருக்குத்தான் இந்தக் கட்டி" என்றார் டொக்டர் சிரித்தபடி. "இவர் கொஞ்சம் சாப்பாட்டைக் குறைத்து, தினமும் நடந்தால் போதும்."

"அதத்தான் மிஸ் எல்லாரும் சொன்னாங்க" என்றாள் தனலெட்சுமி. "இந்த அக்காதான் கேக்க விடல."

திரும்பும் வழியில் விஜிதரன் ஆட்டோக் கண்ணாடியில் மனைவியைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். டவுனைத் தாண்டி முதல் வளைவு ஏறும்போது, தனலெட்சுமி பையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். சூடான பருப்பு வடை. ஒன்றைத் தான் கடித்துக்கொண்டு இன்னொன்றை நீட்டினாள்.

"அக்கா, ஒண்ணு?"

ஜீவராணி வெளியே தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினாள்.

"குடு" என்றாள்.